பெயர் தெரிவதும் மறைவதும்: தமிழ் ரோல்பிளே குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இணையத்தில் பலர் சேர்ந்து பாத்திரங்களாக நடித்துக் கதை ஆடும் ரோல்பிளே சர்வர்களில் அடிக்கடி வெடிக்கும் சண்டை ஒன்று உண்டு: "நான் பெயரே சொல்லவில்லையே, உன் ஆளுக்கு எப்படித் தெரிந்தது?" கேட்டவருக்குக் கோபம், கேட்கப்பட்டவருக்குக் குழப்பம். இருவருமே பொய் சொல்வதில்லை. ஆட்டத்தில் தலைக்கு மேல் மிதக்கும் பெயரையோ, டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் பதிவின் உச்சியில் நிற்கும் பெயரையோ ஆட்டக்காரரின் கண் படித்துவிடுகிறது. அடுத்த வரியில் அவருடைய பாத்திரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறது.

தீர்வு ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் பெயரை அந்தப் பாத்திரத்தோடு மட்டும் ஒட்டி வைக்காதீர்கள். அதைத் தெரிந்துகொண்ட ஒவ்வொருவரின் குறிப்பேட்டிலும் தனித்தனிப் பதிவாக வையுங்கள். பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பதிவு, பத்தும் வேறாக இருக்கலாம். முகமூடி, பொய்ப்பெயர், பட்டப்பெயர் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

மலேசியாவில் "ஐசி" என்றால் எல்லாருக்கும் அடையாள அட்டைதான் நினைவுக்கு வரும். அதனால் ரோல்பிளேக்காரர்கள் சொல்லும் ஐசி, ஓஓசி இரண்டையும் இங்கே "கதைக்குள்", "கதைக்கு வெளியே" என்றே எழுதுகிறோம்.

முதலில் ஒரு முடிவு: யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

பாத்திரத்திடமிருந்தா, ஆட்டக்காரரிடமிருந்தா? இதைப் பேசாமல் விதி எழுத உட்காராதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இருந்து எட்டுப் பேர் கூடி விளையாடும் குழுவில் ஒருவர் குரல் ஒருவருக்குத் தெரியும், எழுத்து நடையும் தெரியும். இங்கே ஆட்டக்காரரிடமிருந்து மறைக்க முயல்வது வீண். முகமூடிக்குள் யார் என்று எல்லாருக்கும் தெரியட்டும்; அவர்களின் பாத்திரங்களுக்கு மட்டும் தெரியாது என்று வைத்துக்கொண்டு நடிப்பதில்தான் சுவை. முன்பின் தெரியாத ஐம்பது பேர் வந்துபோகும் சர்வர் வேறு. அங்கே நம்பிக்கையை மட்டும் நம்பினால் ஒரே வாரத்தில் எல்லாம் கசியும். மென்பொருளே மறைக்க வேண்டும்.

சின்னக் குழுக்கள் பெரிய சர்வரின் விதிகளை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு தடுமாறுவது அடிக்கடி நடக்கிறது. எட்டுப் பேருக்கு, முகமூடிக்காரருக்கு எண் தருவதும் அதற்குப் பதிவேடு வைப்பதும் தேவையில்லை. கீழே சொல்லும் அடையாள வரியும் குறிப்பேடும் போதும்.

அடையாள வரி எழுதுவது

பெயர் தெரியாத ஆளை எப்படிச் சுட்டுவது? இரண்டு முதல் நான்கு சொற்களில் ஓர் அடையாள வரி. முதல் பார்வையில் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்: உயரம், உடல்வாகு, வயது, மாறாத ஒரு குறி. "இடது காது அறுந்த ஆள்" நல்ல வரி. "மர்மமான இளைஞன்" மோசமான வரி, ஏனென்றால் மர்மம் என்பது பார்ப்பவர் முடிவு செய்ய வேண்டியது. "சிவப்புச் சட்டைக்காரர்" சட்டை மாற்றும்வரைதான் செல்லும். உடையை வைத்து எழுதினால் உடை மாறும்போதெல்லாம் வரியையும் மாற்றும் பொறுப்பு உங்களுக்கு.

நீளத்தில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட எவெனியா என்ற மட் (பலர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் ஆட்டம்) கட்டமைப்பில், ரோல்பிளேக்கான ஆர்பிசிஸ்டம் துணைநிரல் ஓர் அடையாள வரிக்கு 60 குறிகள்வரை இடம் தருகிறது. டிஸ்கார்டில் சர்வர் செல்லப்பெயருக்கு 32. இவை எண்ணுவது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அல்ல. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். "முத்துலட்சுமி" நமக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பதின்மூன்று. "முக்காடு போட்ட வயதான பெண்" இடைவெளியோடு 25 ஆகிவிடுகிறது. 32-க்குள் அடக்க வேண்டுமென்றால் மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. "சோமு" என்பதில் உள்ள ஓகாரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாக அனுப்பும்; சில, முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாக இரண்டாகப் பிரித்து அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடலில் மட்டும் பொருந்தாது. "சோமு இங்கே இல்லை" என்று சர்வர் சொல்லும், சோமு எதிரே நின்றுகொண்டிருப்பார். அதைவிட மோசம், இதே ஓட்டையைப் பயன்படுத்தி இன்னொருவர் இரண்டாவது சோமுவைப் பதிவு செய்யலாம். பெயர் உள்ளே வரும் ஒவ்வொரு வாசலிலும் யூனிகோட் என்எஃப்சி சீராக்கத்தை (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் முறையை) ஓட்டுங்கள். பைத்தானில் ஒரே வரி வேலை.

குறிப்பேடு

கூகுள் ஷீட், நோட்டுப் புத்தகம், எவெனியாவின் ரெகாக் கட்டளை, எது வேண்டுமானாலும் சரி. ஒரு பதிவில் ஐந்து செய்தி வேண்டும்: அப்போது தெரிந்த அடையாள வரி, கேட்ட பெயர், யார் மூலம், எந்தக் காட்சியில், எவ்வளவு நம்பிக்கை. கடைசி மூன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். வழக்கு வரும்போது அந்த மூன்றுதான் காப்பாற்றும்.

எடுத்துக்காட்டுக்கு, பழைய ஜார்ஜ் டவுனில் நடக்கும் ஒரு கதை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஒருவன் வந்து இறங்குகிறான். மூன்று பாத்திரங்கள் அவனைப் பார்க்கின்றன.

பூக்கடை ராசாத்தியின் ஏட்டில்: இடது காது அறுந்த ஆள் – "மாரி" – அவனே சொன்னது – 3ஆம் காட்சி, கடை வாசல் – அரை நம்பிக்கை, சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

பினாங்கு வீதிக் கிட்டங்கியின் கணக்குப்பிள்ளை ஏட்டில்: இடது காது அறுந்த ஆள் – "சன்னாசி" – கடன் பேரேட்டில் கையெழுத்து – 1ஆம் காட்சி – முழு நம்பிக்கை.

சுமைதூக்கும் சோமுவின் ஏட்டில்: இடது காது அறுந்த ஆள் – பெயர் இல்லை; ஃபெரியில் யாரோ "தம்பி" என்று கூப்பிட்டார்கள் – 3ஆம் காட்சி.

இப்போது ராசாத்தி கணக்குப்பிள்ளையிடம் வந்து, "அண்ணே, மாரி வந்துட்டுப் போனான்" என்கிறாள். கணக்குப்பிள்ளைக்கு மாரி யாரென்று தெரியாது. "எந்த மாரி?" என்று அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். காதைப் பற்றி ராசாத்தி சொல்லும் கணத்தில்தான் இரண்டு ஏடும் ஒன்று சேர்கின்றன. காட்சியின் உயிரே அந்தக் கேள்வியில் இருக்கிறது. பெயர் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்திருந்தால் இந்த உரையாடலே பிறந்திருக்காது.

இங்கே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. சில எழுத்துவழி அமைப்புகளில் ஆளைச் சுட்ட ஒரு சாய்கோட்டுக்குப் பின் அவர் பெயரை எழுதுவீர்கள். படிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அறிந்த பெயராக அது மாறிக் காட்டும். செயலை வருணிக்க இது அருமையான வசதி. பேச்சுக்குள் இதைப் பயன்படுத்தினால் கெட்டது. ராசாத்தி வாயில் வரும் "மாரி" கணக்குப்பிள்ளையின் திரையில் "சன்னாசி" என்று மாறிவிழும். பொய்ப்பெயர் அந்த இடத்திலேயே அவிழ்ந்துவிடும். மேற்கோளுக்குள் வரும் பெயரை எப்போதும் வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள்.

பெயரை அறிமுகப்படுத்த ஒரு கட்டளை வைத்து, அதை அடித்ததும் எதிரே இருப்பவர் ஏட்டில் தானாகப் பதியும்படி செய்யலாமா? செய்யலாம், ஆனால் வேண்டாம். கணக்கில் உள்ள உண்மைப் பெயரைத்தான் அந்தக் கட்டளை அனுப்பும். பொய் சொல்ல வழியில்லாமல் போகும். கேட்டவரே கையால் பதியட்டும். எவெனியாவின் ரெகாக் அப்படித்தான்: நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும், அது உண்மையா என்று பார்க்காது.

பெயர் இல்லாமலே பல காட்சி ஓடும் என்பதையும் மறக்காதீர்கள். நம் பேச்சில் அண்ணே, அக்கா, தம்பி, அங்கிள், பாஸ் எதற்கு இருக்கின்றன? மாமாக் கடையில் தினமும் தே தாரிக் போட்டுத் தருபவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் சந்திப்பிலேயே "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கும் பாத்திரம் போலீஸ்காரரைப் போல ஒலிக்கும்.

முகமூடி

முகமூடி போட்டதும் இரண்டு நடக்க வேண்டும்: பழைய அடையாள வரி மறைந்து புதியது வர வேண்டும், மற்றவர்களின் ஏட்டில் உள்ள பெயர் வேலை செய்யாமல் நிற்க வேண்டும். எவெனியாவில் மாஸ்க் கட்டளை இரண்டையும் செய்கிறது; அன்மாஸ்க் அடித்ததும் பழைய வரியும் பழைய பெயர்களும் திரும்பிவிடுகின்றன. ஏட்டிலிருந்து எதையும் அழிப்பதில்லை. நீங்களே எழுதுவதானாலும் அழிக்காமல் நிறுத்தி மட்டும் வையுங்கள்.

எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அறையில் மூன்று பேர் இருக்கும்போது முகமூடி போட்டால் மூவரும் பார்க்கிறார்கள், அவர்களைப் பொறுத்தவரை எதுவும் மறையவில்லை. வெளியே போய்ப் போட்டுக்கொண்டு உடனே திரும்பினாலும், போனவர் ஒருவர், வந்தவர் ஒருவர். குறைந்தது இரண்டு இடம் தள்ளிப் போய், வேறு வாசல் வழியாக, சற்று நேரம் விட்டு வாருங்கள்.

முகமூடி எதை மறைக்கும் என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். முகத்தை மறைக்கும். குரலை, நொண்டி நடையை, கையில் குத்திய பச்சையை, காரின் எண் பலகையை மறைக்காது. பழகியவர் "குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு" என்று சந்தேகப்படலாம், சந்தேகத்தைப் பதிவாகவும் எழுதலாம்; அதை வைத்து உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. இந்த நடுநிலைதான் எங்கள் பரிந்துரை. "முகமூடி போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது" என்ற விதி எளிதுதான், ஆனால் மனைவி எதிரே துணியைக் கட்டிக்கொண்டு நிற்கும் கணவனை அவள் அடையாளம் காணாத கேலிக்கூத்தில் அது முடியும்.

பல சர்வர்கள் முகமூடிக்காரருக்கு ஓர் எண் தருகின்றன. எண் நிரந்தரமாக இருந்தால் அந்த எண்ணே இன்னொரு பெயராகிவிடும். ஒரு காட்சிக்கு ஓர் எண், அடுத்தமுறை போடும்போது புது எண், எது யாருடையது என்ற பட்டியல் அட்மின் கையில் மட்டும் என்று வையுங்கள்.

தமிழில் எழுதும்போது வரும் தனித் தொல்லை

ஆங்கில மட்களுக்கு எழுதிய நிரல் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றை அப்படியே பொருத்தும். நமக்கு வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். "மாரியைப் பார்த்தான்" என்பதில் மாரியை எடுத்துவிட்டு "முக்காட்டு உருவம்" என்று வைத்தால் "முக்காட்டு உருவம்யைப் பார்த்தான்" என்று திரையில் வரும். சிரிப்பு வந்துவிட்டால் காட்சி போயிற்று.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு அடையாள வரிக்கும் இரண்டு வடிவம் சேமிக்கலாம்: எழுவாயாக வரும் வடிவம், உருபு ஒட்டும் வடிவம். உருவம் என்றால் "உருவத்த்" என்ற அடி, அதில் புள்ளியை நீக்கி ஐகாரக் குறியைச் சேர்த்தால் உருவத்தை. வேலுவுக்கு வகரம் நடுவில் வரும், கிழவிக்கு யகரம், முக்காட்டுக்கு டகரம் இரட்டிக்கும். விதிகளை நிரலாக்குவதைவிட, வரியைப் பதியும் ஆட்டக்காரரிடமே இரண்டாவது வடிவத்தையும் கேட்டு வாங்குவது எளிது, தவறும் குறைவு.

நிரலைத் தொட முடியாதவர்களுக்கு எழுத்திலேயே வழி உண்டு. உருபு ஒட்டாத சொற்களைத் தேர்ந்தெடுங்கள்: பக்கம், கிட்ட, எதிரே, பின்னால். "மாரி பக்கம் திரும்பினார்", "இடது காது அறுந்த ஆள் பக்கம் திரும்பினார்", "சட்டைக்காரர் பக்கம் திரும்பினார்" எல்லாமே ஓடும். அடையாள வரியை ஆள், பெண், காரர், கிழவி என்று முடியுங்கள். மகர ஒற்றில் முடியும் உருவம், முகம் போன்றவற்றைத் தவிருங்கள்.

வினைமுற்றையும் கவனியுங்கள். முக்காட்டுக்குள் ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, "மெல்ல நடந்து வந்தாள்" என்று எழுதினால் எல்லாம் வெளிச்சம். வந்தார் என்று மரியாதைப் பன்மையில் எழுதுங்கள். ஆனால் முகமூடி போடாதபோதும் அதே பாத்திரம் "அவர்" என்றே நடந்திருக்க வேண்டும், அல்லது கதையில் எல்லா அந்நியரையும் "அவர்" என்று எழுதும் வழக்கம் இருக்க வேண்டும். முகமூடிக்காரர் ஒருவருக்கு மட்டும் திடீரென்று "ஆர்" விகுதி வந்தால் அதுவே துப்பு.

மென்பொருளில் பெயர் ஒழுகும் இடங்கள்

1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முதல் மட் தொடங்கிய காலத்திலிருந்தே "இப்போது யார் இருக்கிறார்கள்" என்ற பட்டியல் ஆட்டக்காரர்களுக்குப் பிடித்தமானது. பெயரை மறைக்கும் சர்வருக்கு அது முதல் ஓட்டை. நான்கு பேர் இணைந்திருக்கிறார்கள், மூவர் கண்முன் நிற்கிறார்கள் என்றால் முகமூடிக்குள் நான்காமவர்தான். பட்டியலில் பாத்திரப் பெயர் வராமல் எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள்.

பிழைச் செய்தி இரண்டாவது. "சன்னாசியைப் பார்" என்று அடித்தால், அப்படி ஒருவர் சர்வரில் இருந்தால் ஒரு பதிலும், இல்லாவிட்டால் வேறு பதிலும் வருகிறதா? ஆம் என்றால் பெயரை ஊகித்து ஊகித்துக் கண்டுபிடித்துவிடலாம். தெரியாத பெயருக்கும் இல்லாத பெயருக்கும் ஒரே பதில் வர வேண்டும், எழுத்துக்கு எழுத்து. பொருட்களின் பெயர் ("சன்னாசியின் கத்தி"), வாசலில் வரும் அறிவிப்பு, பிணத்தின் பெயர், தாவல் விசை தானாக நிரப்பும் பெயர் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிஸ்கார்டில்

டப்பர்பாக்ஸ், புளூரல்கிட் போன்ற பாட்கள் (தானியங்கி நிரல்கள்) உங்கள் பதிவை அழித்துவிட்டு, வெப்ஹுக் (வேறு பெயரில் பதிவு போட டிஸ்கார்ட் தரும் வாசல்) வழியாகப் பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் மறுபடி போடுகின்றன. முகமூடிக்கென்று தனியாக ஒரு பாத்திரத்தைப் பதிந்துகொள்ளுங்கள். படமும் வேறாக இருக்கட்டும். பாட் அடையாளம் காணும் அடைப்புக்குறி இரண்டுக்கும் முற்றிலும் வேறாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒற்றை அடைப்பு, மற்றதற்கு இரட்டை அடைப்பு என்று வைத்தால் அவசரத்தில் விரல் ஒன்றைத் தவறவிடும், வசனம் உண்மைப் பெயரில் போய் நிற்கும்.

இதெல்லாம் பாத்திரங்களிடமிருந்து மறைக்கத்தான். ஆட்டக்காரரிடமிருந்து மறைக்க டிஸ்கார்ட் உதவாது. நீங்கள் தட்டச்சு செய்யும்போதே உங்கள் சொந்தக் கணக்கின் பெயர் கீழே "தட்டச்சு செய்கிறார்" என்று ஓடும். அழிப்பதற்கு முன்னால் மூலப்பதிவு ஒரு கணம் மின்னும். புளூரல்கிட் பதிவில் கேள்விக்குறி எமோஜியை அழுத்தினால் அனுப்பியவர் யார் என்று அது சொல்லிவிடும். நிஜமாகவே ரகசியம் வேண்டுமென்றால் வசனத்தை அட்மினுக்குத் தனிச்செய்தியில் அனுப்பி, அவரே போடட்டும். மெதுவாகத்தான் ஓடும். முக்கியமான ஓரிரு காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிடிஏவும் பெரிய ஆன்லைன் ஆட்டங்களும்

ஜிடிஏ 5 ஆட்டத்தைத் தனி சர்வரில் ஓட்ட உதவும் ஃபைவ்எம் சர்வர்களில் தலைக்கு மேல் பெயரை அணைத்து, சர்வர் எண்ணை மட்டும், அதுவும் விசையை அழுத்தும்போது மட்டும் காட்டுங்கள். ஸ்கோர்போர்டையும், ரேடியோ அலைவரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலையும் சோதியுங்கள். சில ஸ்கிரிப்ட்கள் அங்கே பாத்திரத்தின் முழுப் பெயரையே போடுகின்றன. இந்த வகை ஆட்டத்தில் மிக இயல்பான குறிப்பேடு பாத்திரத்தின் கைபேசிதான். எண் வரும், பெயர் வராது. நீங்கள் எந்தப் பெயரில் சேமிக்கிறீர்களோ அதுதான் பெயர்.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஓர் உண்மையான ஆபத்து. இவ்வகை சர்வர்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். பழைய ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் சர்வர்களில் இரண்டுக்கும் நடுவே ஓர் அடிக்கோடும் கட்டாயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அ/லெ (மகன்), அ/பெ (மகள்) போட்டு அப்பா பெயர் எழுதிப் பழகிய கை, இரண்டாவது பெட்டியில் சொந்த அப்பா பெயரைப் போட்டுவிடுகிறது. பாத்திரம் பொய், அப்பா நிஜம். பிறந்த தேதிப் பெட்டியிலும் அப்படியே. மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டையின் எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பதை நினைவில் வையுங்கள். இதோடு தமிழ்ப்பள்ளியின் பெயரும் தாமானின் (குடியிருப்பின்) பெயரும் பேச்சுவாக்கில் வந்துவிட்டால், நம் சமூகம் இருக்கும் அளவுக்கு, வீட்டு வாசல்வரை வந்துவிடலாம். பாத்திரத்துக்கு வேறு அப்பா, வேறு தேதி, வேறு ஊர் கொடுங்கள்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டசி 14 போன்றவற்றில் பெயர் எப்படியும் தெரியும். முதலாவதில் டோட்டல் ஆர்பி 3 துணைநிரலின் பெயர்ப் பெட்டியில் அடையாள வரியை எழுதலாம். அதே வகைத் துணைநிரல் வைத்திருப்பவருக்குத்தான் அது தெரியும். இரண்டாவதில் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கிக் காட்டும் அமைப்பு இருக்கிறது, ஆனால் அது உங்கள் திரையில் மட்டுமே. மற்றபடி "தலைக்கு மேல் உள்ளது கதைக்குள் இல்லை" என்ற ஒப்பந்தத்தை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

புகார் வந்தால்

ஒரே கேள்வி போதும்: எந்தக் காட்சியில், யார் மூலம்? ஏட்டில் பதிவு இருந்தால் முடிந்தது. இல்லாவிட்டால் அந்தப் பெயரை வைத்து நடந்த செயல் மட்டும் செல்லாது. கைது, கொலை, கடத்தல் எதுவானாலும். வாய்தவறி வந்த முதல் தவறுக்குத் தண்டனை வேண்டாம். கதைக்கு வெளியே "திருத்தம்" என்று ஒரு வரி போட்டு வசனத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவையும் அதே ஆள், அதுவும் தனக்கு லாபம் வரும் இடத்தில் மட்டும் தவறுகிறார் என்றால் அது வாய்தவறல் அல்ல.

பொய்ப்பெயர் உடைந்தபின் பழைய பதிவுகளைத் திருத்தக் கூடாது. சன்னாசிதான் மாரி என்று ராசாத்திக்குத் தெரிந்த நாளில் அவள் ஏட்டில் புது வரி ஒன்று சேரும். சோமுவின் ஏடு அப்படியே இருக்கும், அவனிடம் யாராவது சொல்லும்வரை.

திறப்பதற்கு முன் சோதனை

அட்மின் கணக்கில் சோதிக்காதீர்கள். எவெனியாவில் சூப்பர்யூசர் எல்லாப் பூட்டையும் தாண்டிப் பார்ப்பவர். முகமூடி போட்டவரின் பெயரும் உள் எண்ணும் அவருக்குத் தெரியும். அதைப் பார்த்து முகமூடி வேலை செய்யவில்லை என்று நல்ல நிரலைப் பிரித்துப்போட்டவர்கள் உண்டு. சாதாரணக் கணக்கு மூன்று திறந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு உண்மைப் பெயர் தெரியும், ஒன்றுக்குப் பொய்ப்பெயர், மூன்றாவதுக்கு எதுவும் தெரியாது. நான்காவது கணக்கு அறைக்குள் வரட்டும், பேசட்டும், பொருளைக் கீழே வைக்கட்டும், வெளியே போய் முகமூடியோடு திரும்பட்டும், சாகட்டும். ஒவ்வொரு படியிலும் மூன்று திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முகமூடிக்குப் பின் வரும் எந்த வரியிலாவது மூன்றாவது திரை மற்ற இரண்டிலிருந்து வேறுபட்டால், ஒழுகுவது அந்த வரியில்தான்.